பஸ்ஸிலிருந்து தெரிகிற வாசல்

துடியலூர் போகிற டவுன் பஸ்ஸில், காந்திபுரத்தில் ஏறிய ஓர் அம்மா எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார். மடியில் ஒடுங்கிப்போன பழைய பால் கேன். பக்கத்திலிருந்த பெண் கேட்டாள்.

"ஏனுங்க, இதைய எதுக்குங்க வாங்கிட்டுப் போறீங்க?"

"உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில கெடந்துச்சுங்க. மஞ்சப் பெயிண்ட் அடிச்சு, பூ வரைஞ்சு வாசல்ல வெக்கோணும். பஸ்ல போறவன் கண்ணுல படோணுமில்லீங்க."

"ஆருங்க பஸ்ல போறது?"

"எம் பையனுங்க. அவங்கப்பாருகூடச் சண்டை போட்டுட்டுப் போயி ரெண்டு வருசமாச்சு. டவுன்ல பெயிண்ட் கடையில வேலை. தெனமும் எங்கூட்டைத் தாண்டித்தான் பஸ்ல போறான். எறங்க மாட்டான்."

"திரும்பியாவது பாப்பாருங்களா?"

"போன வருசம் ஒரு பழைய சைக்கிள் சக்கரத்துக்குப் பச்சை அடிச்சு வாசல்ல மாட்டுனனுங்க. வெயில்ல வெளுத்துப்போச்சு. போன மாசம் ஒரு நாள் காலையில பாத்தா, கேட்டுகிட்ட ஒரு டப்பா. அதே பச்சைப் பெயிண்ட்டு."

"அவங்கப்பாரு என்னங்க சொன்னாரு?"

"மழை வந்துச்சுங்க, டப்பாவை எடுத்து உள்ள வெச்சாரு."

அந்தப் பெண் மடியிலிருந்த கேனைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்பறம் அந்தச் சக்கரத்துக்கு அடிச்சீங்களா?"

"இல்லீங்க, இன்னும் மூடியே தொறக்கலை," என்றார் அந்த அம்மா. "அவன் கொண்டாந்து வெச்சது அதொண்ணுதானுங்களே. அடிச்சாத் தீந்துபோயிருமில்லீங்க."