அசையாத மெழுகுவத்தி

— இது நான் ஆடற படமெல்லாம் சேர்த்து வச்ச போல்டரே இல்ல. நேத்து வரைக்கும் பேரெல்லாம் வரிசையா, பட்டாளம் மாதிரி நின்னுச்சு. இப்ப பார்த்தா கல்யாண ஆல்பம் கணக்கா ஒரே படமா இருக்கு!

— நான்தாங்க மாத்தி வச்சேன். மேலே 'வியூ'ன்னு இருக்குல்ல, அதுல பெரிய ஐகான் போட்டுட்டேன். கண்ணாடி போட்டுக்கிட்டே போன மாசம் 'கிளி கும்பிடுது'ன்னு நினைச்சு 'கிளி குளிக்குது' அனுப்பினீங்களே.

— அது ஆடிட்டருக்குப் போனது. அவர் ஒண்ணும் சொல்லலையே.

— சொல்லல. அதுக்கப்புறம் வரவும் இல்ல.

— உனக்குச் சிரிப்பு. இத்தனை வருஷமா முதலாளி காலையில மெயிலைத் திறந்தா முதல்ல ஆடறது என் ரோஜாப்பூதான். வேலை எவன் வேணா செய்வான். புதுக் கிளைக்கு மேனேஜர்னு என் பேரு அடிபடுதுன்னா சும்மாவா?

— ஆமாமா. ரோஜா ஆடித்தான் கம்பெனியே ஓடுது.

— இன்னைக்குக் கோட்டை விட்டா போச்சு. முதலாளியோட மாமனார் போயிட்டார். மத்தவனெல்லாம் 'ஆழ்ந்த அனுதாபங்கள்'னு காஞ்சுபோன ரெண்டு வரி அனுப்பியிருப்பான். நம்மது அசையணும். பார்த்தா கண்ணு கலங்கற மாதிரி அசையணும்.

— அந்தக் கிளை ஒரு ராத்திரிப் பயணம்ங்க. என் தையல் கடை இப்பதான் தலை தூக்குது. ரெண்டு பொண்ணுங்களை வேலைக்கு வச்சிருக்கேன்.

— மறுபடியும் ஆரம்பிக்காதே. அந்த ஊர்க்காரன் துணி உடுத்தாமலா திரியறான்? அங்கே போய்த் தைச்சுக்கோ.

— அது சரி.

— ஆ, இதோ! மெழுகுவத்தி. கறுப்பா பின்னணி, ஒத்தைச் சுடர். என்ன ஒரு அடக்கம்! இது என்கிட்ட இருந்ததே ஞாபகம் இல்ல பாரு.

— குப்பையா சேர்த்து வச்சா எதுதான் ஞாபகம் இருக்கும்?

— ஏன் அசைய மாட்டேங்குது?

— போல்டருக்குள்ள எதுவும் அசையாதுங்க. முதல் காட்சி மட்டும்தான் தெரியும். மெயில்ல போய்த் திறந்தாத்தான் ஆட்டமெல்லாம்.

— மெழுகுவத்தி என்னத்த ஆடப்போகுது, சுடர் கொஞ்சம் நடுங்கும். 'தங்கள் துயரில் இந்தச் சுடராய் நானும்...' எப்படி?

— உருகியே போயிட்டீங்க.

— முதலாளி, அவர் வீட்டம்மா, மாமியார், மச்சினன்... எல்லாரையும் சேர்த்தாச்சு. அனுப்பியாச்சு! வா, நாமளும் ஒரு தடவை திறந்து பார்ப்போம்.

— நீங்களே பாருங்க.

— சுடர் நடுங்குது... அருமை... ஏய், இந்தப் பூனை எங்கேருந்து வருது? ஐயையோ, ஊதி அணைக்குது! பொறந்தநாள் கேக் வருதுடி! பூனை தொப்பி போட்டுக்கிட்டு இடுப்பை ஆட்டுது! நிறுத்து, நிறுத்து!

— அது நிக்காதுங்க. சுத்திச் சுத்தி வந்துக்கிட்டே இருக்கும்.

— திரும்ப வாங்க வழியே இல்லையா?

— போனது போனதுதான்.

— அத்தனை ரோஜாவும் பாழ்! இனிமே கிளையாவது மேனேஜராவது, ஸ்டோர் ரூம்ல கூட என்னை உட்கார விடமாட்டார்.

— போனா போகுது, விடுங்க. இருக்கற வேலை இருக்கு, என் கடை இருக்கு. இந்தாங்க, ஒரு வாய் தண்ணி குடிங்க.

— பதில் வந்துடுச்சு. முதலாளிதான். நீயே படி.

— ம்... 'உங்கள் படம் வந்தபோது வீடே இறுகிப்போய் உட்கார்ந்திருந்தது. என் மாமனார் இருந்தவரை இங்கே யாரும் வாய்விட்டுச் சிரித்ததில்லை. முதலில் சிரித்தது என் மாமியார். இன்னொரு தடவை போடு என்றார்...'

— நிஜமாவா? மேலே படி, மேலே படி!

— '...இந்தத் துணிச்சல் உள்ள ஆள்தான் புதுக் கிளைக்கு வேண்டும். திங்கட்கிழமையே குடும்பத்தோடு கிளம்புங்கள்.'

— பார்த்தியா! பூனையா அது, தெய்வம்! அதை என் போல்டர்ல எவன் போட்டானோ, அவன் குடும்பமே நல்லா இருக்கணும்!

— நான்தாங்க போட்டேன். கடையை மூட வேண்டாமேன்னு.