மேல் வீட்டுச் சத்தம்

— இந்தா பாரு, மறுபடியும் ஆரம்பிச்சாச்சு. கேக்குதா?

— கேக்குதுங்க.

— கூரையே இடிஞ்சு தலையில விழும் போல. மேல் வீட்டுக்காரங்க பிள்ளை வளர்க்கிறாங்களா, குதிரை வளர்க்கிறாங்களா?

— அதானே. பிள்ளைன்னா குதிக்கலாமா?

— நீ கிண்டல் பண்ணு. குடியிருப்போர் சங்கச் செயலாளர் நான். என் தலைக்கு மேலேயே இந்த ஆட்டம் ஆடினா எவன் என்னை மதிப்பான்? கீழ போர்டு மாட்டினது யாரு?

— நீங்கதான். கார் நிறுத்துற இடத்துல விளையாடக் கூடாது, படிக்கட்டுல ஓடக் கூடாது, மொட்டை மாடிக்குப் போகவே கூடாது.

— பந்தை விட்டுட்டியே.

— அதை எப்படி விடுவேன்? ஊரான் வீட்டுப் பந்தெல்லாம் நம்ம பீரோவுலதான் இருக்கு. புடவை வைக்க இடமில்ல.

— இந்தா பாரு, கார் கண்ணாடி உடைஞ்சா யாரு பதில் சொல்றது?

— அதானே. கண்ணாடி முக்கியமில்லையா.

— நம்ம பையனைப் பாரு. கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருக்கான். இருக்கிற இடமே தெரியல. தங்கம்.

— டாக்டரும் அதைத்தாங்க சொன்னார். இவனுக்குக் கால் இருக்கிறதே தெரியலன்னு.

— அவர் எதையாவது பெரிசு பண்ணுவார்.

— ஏழு வயசுப் பையன். ஒத்தைக் கால்ல நில்லுடா கண்ணான்னா, பயந்துபோய் அவர் மேசையைப் பிடிச்சுக்கிட்டான். ஓட விடுங்க, குதிக்க விடுங்க, விழுந்தா விழட்டும், எழுந்திருக்கப் பழகுவான்னு அந்த மனுஷன் தலைபாடா அடிச்சுக்கிட்டார். இப்படியே விட்டா நாளைக்கு எழுதக்கூடக் கை ஒத்துழைக்காதுன்னார். எனக்கு அன்னியிலேர்ந்து தூக்கமே இல்ல.

— அதுக்குத்தான் நான் ஏற்பாடு பண்ணிட்டேனே. ஆன்லைன்ல உடற்பயிற்சி வகுப்பு. வாத்தியார் குரல் இங்க வரைக்கும் கேக்குது பாரு. இடது கால், வலது கால்னு எவ்வளவு அழகா சொல்றார்.

— ஆமாங்க. அந்த அறையில அவர் ஒருத்தராவது ஓடுறாரே.

— முதல்ல உக்காந்து பார்த்துப் பாடத்தைப் புரிஞ்சுக்கட்டும். ஓடுறது அப்புறம் தானா வரும்.

— நீச்சலைக் கூடக் கட்டில்லயே கத்துக்கலாம். துணி நனையாது.

— ஷ், பேசாதே. சத்தம் மாறியிருக்கு. தட்... தட்... தட். இது ஓட்டம் இல்ல.

— பின்ன என்னங்க?

— நொண்டி. ஒத்தைக் கால்ல நொண்டி அடிக்குது அந்தப் பிள்ளை. நான் சின்ன வயசுல அடிக்காத நொண்டியா? இந்தச் சுவர்லேர்ந்து அந்தச் சுவருக்குப் போகுது. அட, திரும்பியும் வருது. இன்னொரு காலை ஊனவே இல்ல.

— நல்லாக் கேட்டீங்களா? ஊனவே இல்லையா?

— ஊனினா சத்தம் வேற மாதிரி இருக்குமே. யார் பெத்த பிள்ளையோ, காலா அது, இரும்பு. இதுல பாதி நம்மவனுக்கு வந்தாப் போதும், நான் வேற எதுவும் கேட்க மாட்டேன். ஏன் கண்ணைத் துடைக்கிற?

— ஒண்ணுமில்ல. மேலேர்ந்து சுண்ணாம்பு உதிருது.

— பார்த்தியா? சுண்ணாம்பே உதிர ஆரம்பிச்சிடுச்சு. இதுக்கு மேல பொறுத்தா நான் மனுஷனே இல்ல. இப்பவே மேல போய், அந்தப் பிள்ளையைக் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து, போர்டைப் படிடான்னு நிறுத்தறேன்.

— குடி வந்து ரெண்டு மாசம் ஆச்சு. அவங்க முகத்தை ஒரு தடவையாவது பார்த்திருக்கீங்களா?

— முகத்தை எதுக்குப் பார்க்கணும்? சங்கத்து விதிமுறையை வாட்ஸ்அப்புல அனுப்பிட்டேன். அது போதும்.

— அக்காவும் தம்பியும்தாங்க. ரெண்டு பேரும் ரிட்டயர் ஆனவங்க. ரெண்டு பேருக்குமே முட்டி வலி. நடு ஹால் காலியா இருக்கட்டும்னு சோபாவைக் கூட ஓரமாத் தள்ளிப் போட்டுட்டாங்க, பாவம்.

— முட்டி வலியா? அப்போ அந்தக் குழந்தை?

— அந்த வீட்டுல குழந்தை ஏதுங்க?

— அப்படின்னா இந்தச் சத்தம்...

— போறதுதான் போறீங்க, இந்தத் துண்டையும் எடுத்துட்டுப் போங்க. உங்க பிள்ளைக்கு வேர்த்திருக்கும்.