பெருமாள் படத்து விளக்கு

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மார்கழி மாலை. துறையூரிலிருந்து ஸ்ரீரங்கம் போக நாங்கள் ஏறியிருந்த பஸ் புறப்பட இருந்தது. டிரைவர் தன் முன்னால் இருந்த பெருமாள் படத்துக்குப் புதிதாகக் குட்டி பல்புகள் போட்டிருந்தார். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த மெக்கானிக் ஒருவர் கேட்டார்:

“அண்ணே, பெருமாளுக்கு ஃபியூஸ் போட்டீங்களா?”

“சாமிக்கு எதுக்குங்க ஃபியூஸ்? பேட்டரியிலேர்ந்து நேரா இழுத்துட்டேன்.”

“சாமி விளக்குன்னு பேட்டரிக்குத் தெரியுமா? ஒயர் தகரத்துல உரசுனா பஸ்ஸே எரிஞ்சிடும். ஒயரைத் தொட்டுப் பாருங்க.”

தொட்ட டிரைவர் விரலை உதறினார். “ஐயோ, சுடுதுங்க!”

“கழட்டுங்க. நாளைக்கு ஃபியூஸ் வச்சு மாட்டிக்கலாம்.”

“ஏகாதசி அதுவுமா, பெருமாளை இருட்டுல உட்கார வைக்கிறதா?”

“பஸ்ல நாங்க அம்பது பேர் இருட்டுல உட்கார்ந்திருக்கோம்ல.”

டிரைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒயரைக் கழற்றினார். அன்று ஸ்ரீரங்கம் வரை பெருமாளும் எங்களோடு இருட்டில்தான் வந்தார்.