வலை மாட்டுற இடம்

இல்லண்ணே, தரமாட்டேன். இப்பவும் அதான் சொல்றேன், நாளைக்குச் சங்கத்து ஆளுக அம்புட்டுப் பேரையும் கூட்டிக்கிட்டு வந்து இந்தக் கடை வாசல்ல நின்னாலும் அதான் சொல்வேன். பேரு தரமாட்டேன். நீங்க விசைப்படகுச் சங்கத்துச் செயலாளரு, மதிக்கிறேன். எங்க கல்யாணத்துல பந்தல்ல நின்னு எல எலயாப் பரிமாறுன ஆளு நீங்க, அதையும் மறக்கல. அதுக்காக?

உக்காந்து பேசுங்கண்ணே. அந்த ஸ்டூலு வேணாம், அதுல பாம்பன்காரரு படகுல ஆழம் பாக்குற எக்கோ மிசினப் பிரிச்சுப் போட்டிருக்கேன், ஸ்க்ரூ எல்லாம் செதறிக் கெடக்கு. இங்கன உக்காருங்க.

நீங்க கேக்குறது எனக்குப் புரியாம இல்ல. நெட்டுல இருக்க நம்ம போரத்துல, வலை மாட்டுற இடம்ங்கிற பகுதியில, எவனோ ஒரு ஜிபிஎஸ் பாயிண்ட்டப் போட்டுட்டான். இந்த எடத்துல மடி மாட்டிக் கிழிஞ்சு போச்சு, யாரும் இழுக்காதீகன்னு. மடின்னாலே விசைப்படகு இழுக்குற வலைதான். அந்த எடமோ கரைக்கிட்ட, நாட்டுப்படகுக்காரக பொழைக்கிற எடம், அங்கன விசைப்படகு எட்டிப் பாக்கவே கூடாது. அவுக அந்தப் பாயிண்ட்டப் போனோட கொண்டாந்து உங்க மேசையில வச்சு, பாருங்க உங்க படகு எங்க எடத்துல வந்து மேஞ்சிட்டுப் போயிருக்கு, ஆளக் காட்டுங்கன்னு மல்லுக்கு நிக்கிறாக. நீங்களும் சனிக்கெழமைக்குள்ள காட்டுறேன்னு வாக்குக் குடுத்துட்டு வந்துட்டீக. காட்டுனா அந்தப் படகு ஒரு மாசம் கரையில கெடக்கணும். அதானே? என்னையக் கேட்டா வாக்குக் குடுத்தீக?

அது சரி. ரெண்டாவதா இன்னொண்ணும் கேக்குறீகளா. இனிமே அந்தப் பகுதியில எழுதுற ஒவ்வொருத்தனும் படகு நம்பரோட எழுதணும், இல்லாட்டி அந்தப் பகுதியவே மூடிரணும். இதையும் சங்கத்துல தீர்மானம் போட்டாச்சா? அடேயப்பா. எங்க போரத்துக்கு நீங்க தீர்மானம் போடுறீக. அப்ப நானும் அதக் கட்டுன நஸீஹாவும் உக்காந்து சங்கத் தேர்தல் எப்ப வைக்கிறதுன்னு ஒரு தீர்மானம் போடவா?

சிரிக்காதீகண்ணே, நான் வெளயாட்டுக்குச் சொல்லல.

என்னமோ ஒரு பட்டனத் தட்டுனா ஒரு பகுதி வந்துரும், இன்னொண்ணத் தட்டுனாப் போயிரும்னு நெனச்சிட்டீக. தட்டுனா வரும்தான். ஆளு வருமா? ஆரம்பத்துல வாட்ஸ்அப்புல ஒரு குரூப்புத்தான் வச்சிருந்தேன், நீங்களுந்தான் அதுல இருந்தீக. ஜிபிஎஸ் ஆன் ஆகலன்னு ஒருத்தன் கேப்பான். நான் டீயக் குடிச்சிட்டு வந்து பாக்குறதுக்குள்ள அதுக்கு மேல குட்மார்னிங்கு, மாதா படம், எறால் வெல, யாரோ ஒருத்தர் வீட்டுப் புள்ளைக்குப் பொறந்தநாளு. கேட்டவன் கேள்வி அடியில போயிரும். அதே கேள்விய அடுத்த வாரம் இன்னொருத்தன் கேப்பான். சொன்ன பதிலையே சொல்லிச் சொல்லி எனக்கு நாக்குத் தள்ளிருச்சு. அப்பதான் நஸீஹாகிட்டச் சொன்னேன். கீழக்கரைப் புள்ள, ராம்நாட்டுல எங்கூடப் படிச்சவ, தெரியும்ல உங்களுக்கு. அவதான் இந்தப் போரத்தக் கட்டிக் குடுத்தா. கட்டுறது அவ வேல, உள்ளுக்க என்னென்ன பகுதி இருக்கணும்னு பிரிக்கிறது எம் பொறுப்புன்னு பேச்சு.

பிரிக்கிறதுன்னா லேசுன்னு நெனச்சேன். முதல்ல கம்பெனி கம்பெனியாப் பிரிச்சேன். ஒரு பயலுக்கும் அவன் வச்சிருக்க மிசினு எந்தக் கம்பெனின்னு தெரியல. உப்புத் தண்ணி பட்டு எழுத்தெல்லாம் அழிஞ்சு கெடக்கும், அவன் என்ன செய்வான்? கருப்பு டப்பாங்கிறான். சரின்னு மிசினு மிசினாப் பிரிச்சேன், ஜிபிஎஸ் தனி, எக்கோ தனி, வயர்லெஸ் தனின்னு. எக்கோவுல வந்து ஒருத்தன் கெடந்து பொலம்புறான், கடைசியில பாத்தா பேட்டரி வயரு அத்துப்போயிருக்கு. அதுக்கு எந்தப் பகுதி? நஸீஹா கடுப்பாயிட்டா. நீ வாரத்துக்கு ஒருக்க வீட்ட இடிச்சு இடிச்சுக் கட்டச் சொல்றடி, நான் என்ன கொத்தனாரான்னு கேட்டா.

அப்புறம் ஒருநா இதே எடத்துல உக்காந்து, கடைக்கு வாரவுக என்ன சொல்லிக்கிட்டு உள்ள வாராகன்னு மட்டும் காதக் குடுத்துக் கேட்டேன். ஒருத்தரும் மிசினு பேரச் சொல்லல. ஏத்தா ஆஸ்லினு, ஒண்ணுமே காட்ட மாட்டேங்குதுங்கிறாக. இல்லன்னா, காட்டுது, ஆனா பொய்யாக் காட்டுதுங்கிறாக. அதுவும் இல்லன்னா, காட்டுது, எனக்குத்தான் புரியலங்கிறாக. அம்புட்டுத்தான், எனக்குப் பகுதி கெடச்சுப் போச்சு. அந்த மூணையும் அப்பிடியே பேரா வச்சேன். நஸீஹா விழுந்து விழுந்து சிரிச்சா. ஆனா அன்னைக்கு இருந்து ஒருத்தனும் எடம் மாறி வந்து கேக்கல. தொண்டிக்காரக வந்தாக, நாகப்பட்டினத்துல இருந்து வந்தாக. எனக்குத்தான் புரியலங்கிற பகுதியில யாரும் யாரையும் கேலி பண்ணக் கூடாதுன்னு சட்டம் வச்சேன். தூத்துக்குடிக்காரரு ஒருத்தரு, பெரிய டிப்ளமா, இதுகூடவா தெரியாதுன்னு ஒரு பெரியவர நக்கலடிச்சாரு. அன்னைக்கே தூக்கி வெளியில போட்டேன். இன்னும் அவரச் சேக்கல.

ஆமா, நீங்க அப்பவும் வந்தீக. விசைப்படகுக்குத் தனி, நாட்டுப்படகுக்குத் தனின்னு ரெண்டாப் பிரின்னீக. மாட்டேன்னேன். கடலுக்குப் போற நாளத்தான் உனக்கு இது எனக்கு இதுன்னு பிரிச்சு வச்சிருக்கோம், அதுல நியாயம் இருக்கு, வலைக்கு வலை அத்துக்கிட்டுச் சண்டையாகும். பேட்டரி எறங்குறப்ப யாரு படகுன்னு பாத்தா எறங்குது? எல்லாரும் ஒரே எடத்துல கேக்கட்டும்னேன். கேட்டாக. உங்க படகு வயர்லெஸ்ஸுல எரைச்சல் வந்தப்ப பதில் சொன்னது யாரு? திருப்பாலைக்குடி நாட்டுப்படகுக்காரரு. மறந்துட்டீகளா.

வாரேன், வாரேன். அந்தப் பகுதிக்குத்தான் வாரேன்.

வலை மாட்டுற இடம். அது மிசினு சம்பந்தமே இல்லயே, அத எதுக்குப் போரத்துல வச்சன்னு கேக்குறீக. ஜிபிஎஸ்ஸ எதுக்குண்ணே வாங்குறோம், அழகு பாக்கவா? எடத்தக் குறிச்சு வைக்கத்தானே. குறிச்சு வச்சத ஒருத்தனாச்சும் அடுத்தவனுக்குச் சொல்றானா? ரிப்பேருக்குக் குடுக்க வாரவன் எந்தலைமேலயே நிப்பான், நான் எங்க அவன் பாயிண்ட்டப் பாத்துருவேனோன்னு. ஒருத்தரு துண்டப் போட்டு ஸ்கிரீன மூடிக்கிட்டு, இப்பப் பாரு தாயிங்கிறாரு. மூடிக்கிட்டா நான் எதப் பாத்து ரிப்பேர் பண்ண?

மீனு கெடைக்கிற எடத்த மறைக்கட்டும், அவன் பொழப்பு அது. நான் குத்தஞ் சொல்லல. ஆனா கல்லு கெடக்குற எடத்தையும் மறைக்கிறானே. அடியில ஏதோ கெடந்து மடி கிழிஞ்சுச்சுன்னா, கரைக்கு வந்து வாயத் தொறக்க மாட்டான். தொறந்தா, நீ எதுக்குலே அங்கன போனன்னு கேள்வி வரும். போகக் கூடாத எடம்னா இன்னும் இறுக்கி மூடிக்குவான். அவம் மடி கிழிஞ்ச எடத்துல மறுவாரம் இன்னொருத்தன் மடி கிழியும். அவனும் மூடிக்குவான். நம்ம ஆளுகளப் பத்தி நான் உங்களுக்குச் சொல்லணுமாக்கும்.

அதனாலதான் அந்தப் பகுதிய வச்சேன். முதல்ல பேரோடதான் வச்சேன், தெரிஞ்சுக்கங்க. பேரு, படகு நம்பரு, தேதி, நீங்க இப்பக் கேக்குறீகளே, அம்புட்டும். அது பாட்டுக்குக் காலியாக் கெடந்துச்சு. வந்த ஒண்ணு ரெண்டும் ஊருக்கே தெரிஞ்ச பாறை. ஒருத்தன் வேணும்னே தப்பாப் போட்டான், நல்ல மீனு கெடைக்கிற எடத்தக் கல்லுன்னு போட்டு அடுத்தவன வரவிடாமப் பண்ணப் பாத்தான். அப்பறந்தான் பேர எடுத்தேன். எடுத்த பெறகு பாருங்க, இப்ப நம்ம பக்கத்துக் கடல்ல எங்கெங்க என்ன கெடக்குன்னு அதுல இருக்கு. எவன் போட்டான், எவன் கிழிச்சான், எந்த நாளுல போனான், ஒண்ணும் கெடையாது. எடம் மட்டுந்தான். எனக்கு எடம் போதும்.

இப்ப நான் ஒரே ஒரு பேரத் தாரேன்னு வைங்க. நீங்க அவன ஒரு மாசம் கரையில உக்கார வைப்பீக. அதுக்கப்புறம் அந்தப் பகுதியில ஒரு ஈ காக்கா எழுதுமா?

மிரட்டாதீகண்ணே. மிசினெல்லாம் ராம்நாட்டுக்குக் கொண்டு போயிருவோம்னா கொண்டு போங்க. பஸ்ஸு ஓடுது, யாரு தடுத்தா. அங்க போயி காட்டுது ஆனா பொய்யாக் காட்டுதுன்னு சொல்லிப் பாருங்க, வெளங்குதான்னு பாப்போம். எனக்குத் தொண்டியில இருந்து வேல வருது. இந்தப் பூச்சாண்டிக்கெல்லாம் பயப்படுற ஆளா இருந்தா இத்தன ஆம்பளைக இருக்க ஊர்ல நான் கடை தொறந்திருக்கவே மாட்டேன்.

என்னது? உங்க மச்சினன் சொன்னானா? அட்மினுக்கு எல்லாம் தெரியும், யாரு எந்த நம்பர்ல இருந்து எழுதுனான்னு பின்னாடி பதிஞ்சிருக்கும்னா? கரெக்ட்டுத்தான் சொல்லியிருக்கான், வெவரமான ஆளு. மத்த மூணு பகுதியிலயும் பதியும். இதுல பதியாது. பேரும் கேக்காது, நம்பரும் கேக்காது, எந்தப் போன்ல இருந்து வந்துச்சுங்கிறதும் நிக்காது. நஸீஹாகிட்டச் சண்ட போட்டு அப்பிடிக் கட்ட வச்சேன். அவ வேணாம்னா, எவனாச்சும் வம்பு பண்ணுனா நாளைக்குக் கண்டுபுடிக்க முடியாதுடின்னா. கண்டுபுடிக்க முடியக் கூடாது, அதான் வேணும்னேன்.

இந்தா, லேப்டாப்ப உங்க பக்கமே திருப்பி வைக்கிறேன். உங்க மச்சினனக் கூப்புட்டுப் பாக்கச் சொல்லுங்க. நான் எதையும் மறைச்சு வச்சுக்கிட்டுத் தரமாட்டேன்னு சொல்லலண்ணே. எங்கிட்டயே இல்ல. இருந்தாலும் தரமாட்டேங்கிறது வேற.

எதுக்கு இம்புட்டு வீம்புன்னா கேக்குறீக.

எங்க வீட்டுக்காரரு ஜோஸ்வினுக்கு நடந்தது உங்களுக்குத் தெரியாததா. நீங்கதான் நாலு படகு கூட்டிக்கிட்டுத் தேடப் போனீக. மடி அடியில மாட்டியிருக்கு, விட மனசில்லாம வலை சுத்துற வின்ச்சப் போட்டு இழுத்திருக்காரு, பின்பக்கம் அமுங்கித் தண்ணி ஏறிருச்சு. மத்த ரெண்டு பேரு நீந்திக் கரையேறிட்டாக, எம் புருசன் ஏறல. அவரு அங்கன போயிருக்கக் கூடாதுதான். நான் எப்பவாச்சும் அவரு நல்லவரு, சட்டப்படி போனாருன்னு சொன்னேனா? போகக் கூடாத எடத்துக்குத்தான் போனாரு. அதுக்குச் சாகணுமாண்ணே?

உங்களுக்குத் தெரியாதது ஒண்ணு சொல்றேன். அன்னைக்கு உள்ள எறங்குன சங்குகுளிக்கிறவரு, நஸீஹாவோட சித்தப்பா அப்துல் ஹாதி, அவரு எங்கிட்ட மட்டும் சொன்னாரு. அடியில முங்கிப்போன ஒரு பழைய சரக்குத் தோணி, இரும்பு இரும்பாக் கெடக்காம். ஜோஸ்வின் மடி அதுலதான் சுத்தியிருந்துச்சாம். அதுக்கு அடியில இன்னொரு மடித் துண்டு. அதுக்கும் அடியில இன்னொண்ணு, பச்சையா, பாசி ஏறி. மாட்டுனது எம் புருசன் மொத ஆளு இல்லண்ணே. அவருக்கு முன்னாடி மாட்டுனவுக இந்த ஊர்லதான் இருக்காக. கோயில்ல எம் பக்கத்துல நின்னு எழவுக்கு ஜெபம் சொல்லியிருக்காக. ஒருத்தர் வாயத் தொறந்து சொல்லியிருந்தா அவரு இருந்திருப்பாரு.

அதுக்கப்புறந்தான் அந்தப் பகுதிய வச்சேன். பேரு வேணும்னு வச்சிருந்த வரைக்கும் அந்த எடம் வரல. பேர எடுத்தேன் பாருங்க, அன்னைக்குச் சாயங்காலமே மொத பாயிண்ட்டு வந்து விழுந்துச்சு. அந்த ஜிபிஎஸ் நம்பரு எனக்கு மனப்பாடம். அதே எடந்தான். இரும்பு கெடக்கு, இழுக்காதீகன்னு எழுதியிருந்துச்சு, வேற ஒண்ணும் இல்ல. அடியில இரும்புன்னு எனக்கும் அப்துல் ஹாதிக்கும் விட்டா, முன்னாடியே அங்கன மாட்டி வாய மூடிக்கிட்டவனுக்குத்தான் தெரியும். அது ஏறுன பெறகு அங்கன ஒரு படகும் கவுழல.

போட்டவன் யாருன்னு தெரிஞ்சிருந்தா, அன்னைக்கே அவன் வீட்டு வாசல்ல போயி மண்ண வாரித் தூத்தியிருப்பேன். அவன் புள்ளகுட்டி வெளங்காதுன்னு சாபம் விட்டிருப்பேன். அப்பறம் எவன் எழுதுவான்? அதனால எனக்கே தெரியக் கூடாதுன்னுதான் அப்பிடிக் கட்டச் சொன்னேன். எங்கிட்ட எந்தப் பேரும் இல்லண்ணே. அந்த மொத பாயிண்ட்டப் போட்டது நீங்களாக்கூட இருக்கலாம்.