மல்லிகாவும் பதினான்காம் விதியும்

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, என் கையில் எத்தனை தாள் இருக்கிறது என்று கவலையோடு பார்த்துக்கொண்டிருக்கும் அவைத் தலைவர் தேவநாதன் அவர்களே! கடலூரிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருக்கும் ஆடிட்டர் ஸ்ரீமதி அம்மையார் அவர்களே! சம்பா நடவை அரைகுறையாக விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே! மடியில் மழலையையும் மனத்தில் பொறுமையையும் ஏந்தி அமர்ந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில், என் துணைவியார் புஷ்பவள்ளிக்குப் பக்கத்தில், அக்காவின் பாதுகாப்பில் அமர்ந்திருக்கும் என் மச்சான் ராஜாமணி அவர்களே! கொட்டகையில் கொள்ளு மென்றுகொண்டே நம்மைக் கவனிக்கும் மல்லிகாவே! உங்கள் அனைவருக்கும் கீரப்பாளையம் குதிரையேற்றச் சங்கத்தின் செயலாளர், உரக்கடை சிலம்பரசனின் பணிவான வணக்கம்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? நம் சங்கத்தை லாப நோக்கமற்ற சங்கமாகப் பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தடையாக நிற்கும் பதினான்காம் விதியை இன்று நீக்க வேண்டும். செய்தி அவ்வளவுதான். இத்துடன் நான் உட்கார்ந்துவிடலாம். ஆனால் மைக் செட்டுக்கு முழுநாள் வாடகை கொடுத்தாயிற்றே.

"லாப நோக்கமற்ற" என்ற சொல்லைக் கேட்டதும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நட்டத்தில் ஓட வேண்டும் என்று நினைத்தேன். அதில்தான் நமக்குப் பதினோரு ஆண்டு அனுபவம் இருக்கிறதே என்று மார்தட்டிக்கொண்டு அம்மையாரிடம் போனேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "லாபம் வரலாம் ஐயா, தாராளமா வரட்டும். ஆனா அத யாரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது. வந்தது குதிரைக்கும் குதிரை ஏறுற புள்ளைங்களுக்கும்தான் போகணும்."

அதனால் நமக்கு என்ன நன்மை? கேளுங்கள். இன்று மல்லிகா யாருடைய குதிரை? வாங்கிய அன்று ரசீதில் கையெழுத்துப் போட்டவர் நம் தலைவர். ஆக, காகிதத்தில் மல்லிகா அவருடைய சொத்து. நாளை அவர் பிள்ளைகள் இருவரும் பாகம் பிரித்தால் மல்லிகாவை எப்படிப் பிரிப்பார்கள்? முன்பாதி மூத்தவருக்கு, பின்பாதி இளையவருக்கா? பின்பாதி கிடைத்தவர் பாடு என்ன ஆவது? தலைவர் சிரிக்கிறார், பிள்ளைகள் சிரிக்கவில்லை, பாருங்கள். பதிவு செய்துவிட்டால் மல்லிகா எவர் வீட்டுச் சொத்தும் இல்லை. சங்கத்தின் சொத்து, சாகாத சொத்து. மைதானத்துக்கு இடம் கேட்டு நாம் மனுப் போட்டால், "யாருய்யா நீங்க?" என்று எவரும் கேட்க மாட்டார்கள். நன்கொடை கொடுக்க நினைப்பவர்கள் ரசீதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுப்பார்கள், வரிச்சலுகை உண்டல்லவா.

இத்தனை நன்மைக்கும் குறுக்கே படுத்திருப்பதுதான் பதினான்காம் விதி. உறுப்பினர் வீட்டுத் திருமணத்துக்கு, மாப்பிள்ளை அழைப்புக்கு, குதிரை இலவசம். இதுவும் லாபத்தை வீட்டுக்கு எடுத்துப் போவதுதான் என்கிறார் அம்மையார். எழுதியவன் யார்? அடியேன். அந்த ஒரு வரியால்தான் சங்கத்தில் அறுபத்திரண்டு உறுப்பினர் சேர்ந்தார்கள். அறுபத்திரண்டு பேரில் குதிரை மேல் ஏறியவர்கள் எத்தனை பேர்? கையை மறைக்காதீர்கள். நாம் ஏறியது ஒரே ஒரு முறை. கழுத்தில் மாலையோடு, இருபுறமும் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள.

ஆனால் நாள்தோறும் ஏறுகிற ஒரு பெண் இருக்கிறாள். அதோ, அஜீசுன்னிசா அம்மாளின் மகள் சாய்ரா. சிதம்பரத்தில் கல்லூரி, விடிந்தால் நம் மைதானம். சங்கத்தின் மற்ற இரண்டு குதிரைகளும் தாண்ட வேண்டிய தடையைக் கண்டால் நின்று யோசிக்கும் ரகம். மல்லிகா மட்டும் சாய்ரா சொன்னால் பறப்பாள்.

கடந்த வைகாசியில் சென்னையில் மாநிலத் தேர்வுப் போட்டி. சனிக்கிழமை மாலைக்குள் குதிரை அங்கே நிற்க வேண்டும். சனிக்கிழமை மாலை மல்லிகா எங்கே நின்றாள்? வடலூரில் நின்றாள். ஜிகினாப் போர்வை போர்த்தி, கழுத்தில் சீரியல் பல்பு சுற்றி, பேண்டு வாத்தியத்துக்கு நடுவே, என் மச்சான் மகனைச் சுமந்து நின்றாள். அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டவன் நான். நான் தேதியைப் பார்க்கவில்லை, மச்சான் முகத்தைத்தான் பார்த்தேன்.

இங்கே லாரி வந்து காத்திருந்தது. புதுச் சேணத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு சாய்ரா நின்றாள். நான் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "பரவால்ல மாமா, கல்யாணம் ஒரு தடவதான வரும்." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பரவாயில்லையைத் தாங்க முடியவில்லை. அன்று வெட்கப்பட்டேன், இப்போதும் வெட்கப்படுகிறேன்.

மறுபடியும் தையில் போட்டி வருகிறது. படிவத்தில் இரண்டு கட்டங்கள் காலியாக இருக்கின்றன. சங்கத்தின் பதிவு எண் என்ன? குதிரை யாருக்குச் சொந்தம்? அந்த இரண்டு கட்டங்களையும் நிரப்ப வேண்டியது அவளா, நாமா? அவள் தாண்ட வேண்டியது மைதானத்துத் தடைகளையா, நாம் எழுதி வைத்த தடையையா? குதிரைக்காகச் சங்கமா, கூறைப் புடவைக்காகச் சங்கமா?

பின்வரிசையில் யாரோ கேட்கிறீர்கள். "செயலாளர் வீட்டுக் கல்யாணமும் தையிலதான வருது?" வருகிறது ஐயா. மறைப்பானேன்? என் மகன் சித்தார்த்துக்குத் தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். போட்டியும் அதே ஞாயிறு. மல்லிகாவுக்கு நான் ஆவணியிலேயே சீட்டு எழுதி வைத்துவிட்டேன். இதோ அந்தச் சீட்டு. இதோ, கிழித்துவிட்டேன்.

இதை நான் வீட்டில் சொல்லவில்லை. முன்வரிசையிலிருந்து ஒரு பார்வை வருகிறது, மைக் கம்பிக்குப் பின்னால் நான் மெலிந்து நிற்கிறேன். என்ன புஷ்பவள்ளி? சத்தமாகவே சொல், சபை கேட்கட்டும்.

"அவன் குதிரையப் பார்த்தாலே நடுங்குவான். ஒங்க ஆசைக்குத்தான் ஏத்தறேன்னீங்க. மொதல்ல அந்த விதிய எடுங்க."

கேட்டீர்களா? பதினோரு ஆண்டுக்கு முன் நான் எழுதிய விதிக்கு ஒரே வரியில் விளக்கம் வந்துவிட்டது. மச்சான் எதற்கு எழுந்திருக்கிறார்? "மாமா, மாப்ளய நான் என் புல்லட்ல வச்சி கூட்டியாறேன். தாய்மாமன் பொறுப்பு." எழுந்ததுதான் எழுந்தீர்கள் மச்சான், உட்காரும் முன் அந்தக் கையையும் தூக்கிவிடுங்கள். பதினான்காம் விதியை நீக்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம்.

ஒன்று. நான்கு. பத்து. தலைவரே, கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு நீங்களே எண்ணுங்கள், எனக்குக் கண் கலங்கி எண்ணிக்கை தப்புகிறது. அறுபத்தொன்றா? விட்டுப்போனது யார்? நான்தான். ஒரு கையில் மைக், மறு கையில் கிழிந்த சீட்டு. சீட்டைக் கீழே போட்டுவிட்டேன். அறுபத்திரண்டு.

சாய்ரா, உன் அப்பா அம்மா பெயர் எழுதுகிற அதே பேனாவை எடுத்து வை. பதிவு எண் வந்ததும் முதல் கட்டத்தை நான் சொல்கிறேன். குதிரை யாருக்குச் சொந்தம் என்ற கட்டத்தில், எங்கள் அறுபத்திரண்டு பேரில் ஒருவர் பெயரும் வராது. சங்கத்தின் பெயரை எழுது.

கேட்ட காதுகளுக்கும், தூக்கிய கைகளுக்கும், வீட்டில் எனக்கு இன்று கிடைக்கப்போகும் சாப்பாட்டுக்கும் முன்கூட்டியே நன்றி. தையில் திருமணத்துக்கு அனைவரும் வாருங்கள், மாப்பிள்ளை புல்லட்டில் வருவார். வணக்கம்.