பீச்சாமல் விட்ட காம்பு

— காலைல ஆறு மணிச் சங்கு ஊதறப்பகூட நல்லாத்தான் இருந்துச்சி டாக்டரே. இப்ப பாருங்க, மடி கல்லு.

— நான் டாக்டர் இல்லம்மா, மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் தானியேல். டாக்டரு திருவள்ளூருக்குப் போயிருக்காரு. உன் பேர் இன்னா?

— கன்னியம்மா. ஜானகியம்மா ஊட்டு மாட்டுக்கு நான்தான் பால் கறக்கறேன்.

— பொய் சொல்லாத கன்னியம்மா. இது ஒரு நாள் கட்டி இல்ல.

— ரெண்டு நாளு. அந்தக் காம்பத் தொட்டா உதைக்குது. நோவுதேன்னு பீச்சாம உட்டுட்டேன்.

— அதான் பேஜாரு. இந்தத் தட்டுல ரெண்டு பீச்சு பீச்சு. தெரியுதா?

— தயிராட்டம் வருது.

— பால்ல இருக்கற புரதம். திரிஞ்சி கட்டியாயிடுச்சி. கிருமிக்கு அதான் சோறு, அதான் ஊடு. நான் போடற பென்சிலின் அதுக்குள்ள சரியா பூராது.

— பால் சத்துன்றாங்களே. அதுவே கிருமியக் கொல்லாதா?

— கொல்ற புரதமும் பால்ல இருக்குது. சீம்பால்ல ஜாஸ்தி. ஆனா உள்ள தேங்கிப்போனா கிருமி முந்திக்கும்.

— முந்திக்கினா?

— சீழ் புடிக்கும். ரத்தத்துல ஏறிடுச்சின்னா மாடே போயிடும். அறுவத்தெட்டுல பள்ளிப்பட்டுல ரெண்டு பார்த்தேன். ரெண்டும் போச்சி.

— எத்தினி நாள்ல?

— ஒண்ணு நாலு நாள்ல. ஏன் இப்படி நடுங்கற? மாட்டுக்காரம்மா உள்ள குந்திக்கினு காபி குடிக்கறாங்க. உனக்கு இன்னா?

— கறக்கறது நான்தானே ஐயா. என்னைத்தானே கேப்பாங்க.

— நான் சொல்லிக்கறேன். இப்ப ஊசி போட்டாச்சி. வெந்நீர்ல துணி நனைச்சி ஒத்தடம் குடு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா அந்தக் காம்பப் பீச்சி எடு. உதைச்சாலும் உடாத.

— வலி தாங்குமா?

— தாங்கித்தான் ஆவணும்.

— நடுங்குது, குளிரெடுக்குது. அதுக்கு?

— மாடா? நான் பாக்கலியே.

— ராத்திரி நடுங்குச்சி.

— ஜுரமா இருக்கும். ஊசில எறங்கும்.

— கன்னு அந்தக் காம்புல குடிச்சிருந்தா?

— இனிமே அதுல உடாத. மீதி மூணு இருக்குதே. இந்தா, இந்தத் தட்டக் கழுவிட்டு வா. அய்யய்யே, உன் கை இன்னா இப்படிச் சுடுது?

— ஒண்ணுமில்ல.

— கொதிக்குதும்மா. எத்தினி நாளா?

— மூணு நாளா. ஊட்ல யார்கிட்டயும் சொல்லல. அவரு கம்பெனில நைட் ஷிப்டு.

— வேற இன்னா பண்ணுது?

— ஐயா, மாட்டுக்கு நாலு இருக்குது. எனக்குப் புள்ள பொறந்து இருவது நாளு. எடது பக்கம் கல்லாட்டம் ஆயிடுச்சி, நோவுதேன்னு நானும் உட்டுட்டேன். இப்ப புள்ளைக்கு அதுல குடுக்கலாமா, கூடாதா?