கதவைப் பார்த்த மூன்று நிமிடம்

தலைமை நாற்காலியில் வீற்றிருந்து, மடியில் பெயர்ப்பட்டியலும் விரலிடுக்கில் சிவப்புப் பேனாவுமாய் என்னைக் கண்காணித்துக்கொண்டிருக்கும் பேராசிரியை அம்மா அவர்களே! பாடாவதிப் படத்துக்கும் பஞ்சு நாற்காலி போட்டுக் காட்டும் பண்பாளர், இந்தத் தியேட்டரின் முதலாளி அவர்களே! பிள்ளைகளைப் பெற்ற பெருமையில் முதல் இரண்டு வரிசைகளையும் பிடித்துக்கொண்ட தாய்மார்களே! அந்தத் தாய்மார்களின் கைப்பைகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் தகப்பன்மார்களே! யார் பெற்ற பிள்ளைகளோ என்று பாராமல் வந்திருக்கும் பெரியோர்களே! வெயிலுக்கு ஒதுங்க உள்ளே நுழைந்து, படம் முடிந்த பிறகும் வெளியே போக மனமில்லாமல் அமர்ந்திருக்கும் அன்பர்களே! அனைவருக்கும் இந்தப் பூட்டுக்காரனின் பணிவான வணக்கம்.

படத்தைப் பார்த்துவிட்டீர்கள். இருபத்திரண்டு நிமிடம் பயந்தும்விட்டீர்கள். இப்போது நான் அதை மதிப்பிட வேண்டுமாம். நான் யார்? மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைப் பார்க்கவில்லை. முப்பது வருடமாய் மாற்றுச்சாவி அராவுகிறவன். சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்கிறவர்களின் முகத்தைப் பார்த்தே பொழுதைக் கழிக்கிறவன். எனக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம்? நான் கேட்டேன். பேராசிரியை அம்மா சொன்னார்: “படத்துல ஒரு கதவு இருக்கு. கதவு தெரிஞ்சவர் ஒருத்தர் பேசட்டும்.” அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்?

முதலில் இந்தப் படத்தின் பின்னால் இருக்கும் ஒரு விதியைச் சொல்கிறேன். தெரியாமல் கைதட்டக் கூடாது, தெரிந்து தட்ட வேண்டும். இந்தப் பிள்ளைகளின் சினிமாப் படிப்பில் படம் எடுத்தால் மட்டும் போதாது. உறவுக்காரர் அல்லாத நூறு பேர், முதல் காட்சியிலிருந்து கடைசி எழுத்து வரை அதைப் பார்க்க வேண்டும். நூறு வந்தால் தேர்ச்சி. தொண்ணூற்றொன்பது வந்தாலும் தோல்விதான். இந்தப் படத்தை இயக்கிய கண்ணாடிக்காரப் பெண் போன வருடமும் ஒரு படம் எடுத்தாள். அறுபது பேர் வந்தார்கள். அதில் ஐம்பத்திரண்டு பேர் அவளுக்குச் சித்தப்பா, பெரியம்மா, அத்தை வகையறா. இந்த வருடமும் தவறினால் வகுப்பை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அந்தப் பெண்ணின் படிப்பே இன்றைய எண்ணிக்கையில்தான் இருக்கிறது, அன்பர்களே! அதோ, திரைக்குப் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்கிறாளே, அவள்தான்.

சரி, மதிப்பீட்டுக்கு வருகிறேன். திகில் படத்துக்கென்று சில வழக்கங்கள் உண்டு. செல்போனில் சார்ஜ் இருக்காது. இருந்ததா இந்தப் படத்தில்? இல்லை! விளக்கு விட்டு விட்டு எரியும். எரிந்ததா? எரிந்தது! சத்தம் கேட்டால் அந்தச் சத்தம் வரும் இடத்துக்கே கதாநாயகி தனியாய்ப் போவாள். போனாளா?

யாருங்க அது? “போகாதேன்னு நான் கத்தினேன்”னு சொல்றது? நீங்க கத்தினது எனக்கும் கேட்டுச்சும்மா. அவளுக்குத்தான் கேக்கலை.

இந்த வழக்கங்களில் ஒன்றை மட்டும் நான் குறையாகச் சொல்வேன். வில்லன் ரொம்ப நல்லவனாக வருகிறான். ஆளில்லாத அலுவலகத்தில் கோப்பு அடுக்கும் பெண். தினமும் அவள் மேசையில் ஒரு புகைப்படம். நேற்று அவள் நடந்த தெரு, இன்று அவள் ஏறிய படிக்கட்டு, நாளை அவள் வீட்டுக் கதவு! யார் வைக்கிறார்கள்? என் மனைவி ஐந்தாம் நிமிடத்திலேயே என் தோளில் இடித்தாள். “என்னங்க, பல்பு மாட்டிக் குடுக்க வந்தானே பக்கத்து வீட்டுக்காரன், அவன்தான்.”

“எப்படிச் சொல்றே?”

“கேக்காமயே ஒருத்தன் பல்பு மாட்டிக் குடுப்பானா? நம்ம வீட்டுல எட்டு மாசமா எரியலை.”

சிரிங்க, சிரிங்க. அந்த பல்பை இன்னைக்கு மாத்திடறேன்.

அடுத்தது, படத்தின் காட்சியழகு. படம் முழுக்க இரவு. ஆனால் ஒரு காட்சிகூட இரவில் எடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு அந்தக் கட்டடம் கிடைத்தது பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரைதான். வெளியே வெயில் வெளுத்து வாங்குகிறது. உள்ளே இருட்டு வேண்டும். என்ன செய்தார்கள்? பழைய குடைகளின் கறுப்புத் துணியைப் பிரித்து, தைத்து, ஜன்னலுக்கு ஜன்னல் அடைத்தார்கள். அதில் ஒரு குடையில் ஓட்டை. அந்த ஓட்டை வழியே ஒரு கோடு வெளிச்சம் வந்து விழுந்தது. கேமராவைப் பிடித்த நெட்டைப் பையன் அதை அடைக்கப் போனான். கண்ணாடிக்காரப் பெண் தடுத்தாள். “விடுடா. அதுதான் தெருவிளக்கு.” கதாநாயகியின் முகத்தில் பாதி வெளிச்சமும் பாதி இருட்டுமாய் விழுந்து நீங்கள் மெய்ம்மறந்தீர்களே, அது ஒரு கிழிந்த குடையின் கொடை, அன்பர்களே!

காலடிச் சத்தத்தைக் கேட்டீர்களா? வில்லன் நடக்கும்போது ‘சரக், சரக்’ என்று வந்ததே! ‘காது’ என்று அவர்கள் கூப்பிடும் பெண் ஒருத்தி, ஒரு தட்டில் மணலைப் பரப்பி, அதில் செருப்பை வைத்து அழுத்தியே படம் முழுக்க நடந்தாள். முக்கால்வாசிப் படத்தில் வில்லனின் ஷூ மட்டும்தான் தெரியும். முதன்முறை போட்டுக் காட்டியபோது பேராசிரியை அம்மா உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது எங்க வீட்டுக்காரர் ஷூ. ரெண்டு வாரமா தேடிக்கிட்டு இருக்கார்.” வில்லனைக் கண்டுபிடித்தது என் மனைவி, ஷூவைக் கண்டுபிடித்தது அம்மா!

இசை கொஞ்சம் அதிகம். வில்லன் வருவதற்கு முன்னாலேயே ‘வர்றான், வர்றான்’ என்று தண்டோரா போடுகிறது. குறையையும் சொல்ல வேண்டுமல்லவா?

இனி, படத்தை மக்களிடம் கொண்டு போன கதை. முதலில் செல்போனில் ஏற்றினார்கள். ஆயிரம் பேர் பார்த்ததாய் எண் காட்டியது. குதித்தார்கள். பிறகு தெரிந்தது, அதில் முந்நூறு தடவை பார்த்தது நெட்டைப் பையனின் சித்தி ஒருத்தி. மீதிப் பேர் கடைசி எழுத்து வரை பார்த்ததற்குச் சாட்சி இல்லை. அடுத்து முடிதிருத்தகத்தில் போட்டார்கள். பாதி முகத்தில் நுரையோடு இருப்பவர் எங்கே எழுந்து போவார்? உட்கார்ந்தபடி முழுப் படமும் பார்த்தார்கள். பேராசிரியை அம்மா, “கத்தி கழுத்துல இருக்கறப்ப பார்த்ததெல்லாம் கணக்குல வராது” என்று அடித்துவிட்டார். கடைசியில்தான் தியேட்டர் முதலாளியிடம் போனார்கள்.

முதலாளியைப் பற்றி உங்களுக்கே தெரியும். படம் பிடிக்கவில்லை என்றால் வாய் திறந்து சொல்ல மாட்டார். எழுந்து போய்விடுவார். பெரிய பெரிய படத்துக்கே எழுந்து போனவர். “வந்து பார்க்கறேன். நான் எந்திரிக்காம இருந்தா, சனிக்கிழமை காலைக் காட்சி உங்களுக்கு” என்றார். ஒரு வகுப்பறையில் பத்து நாற்காலி போட்டுத் திரையிட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். ஏன்? படத்தில் வரும் பூட்டு நான் மாட்டிக் கொடுத்தது.

படம் ஓடுகிறது. கதாநாயகி மூச்சிரைக்க ஓடி வந்து கதவைச் சாத்துகிறாள். சாவியைத் திருப்புகிறாள். அப்பாடா என்று சாய்கிறாள். அடுத்து மூன்று நிமிடம் டீ போடுகிறாள். ஒரு பாட்டை முணுமுணுக்கிறாள். திகில் படத்தில் மூன்று நிமிடம் டீயா? முதலாளியின் நாற்காலி ‘கிறீச்’ என்றது. அவர் பாதி எழுந்துவிட்டார். கண்ணாடிக்காரப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள்.

எனக்கு டீயும் தெரியவில்லை, முதலாளியும் தெரியவில்லை. அந்தச் சாவிதான் கண்ணில் நிற்கிறது. பூட்டும்போது சாவியின் தலை கதவு நிலையின் பக்கம் சாய வேண்டும். இவள் கீல் பக்கம் சாய்த்திருக்கிறாள்! என்னையறியாமல் கத்திவிட்டேன்: “ஐயோ பாப்பா! நீ பூட்டலை! திறந்து விட்டுட்டே!”

எழுந்த முதலாளி அப்படியே உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அந்த அறையில் ஒருவர்கூட டீயைப் பார்க்கவில்லை. எல்லோரும் கதவைப் பார்த்தோம். அவள் சர்க்கரை போடுகிறாள், நாங்கள் கதவைப் பார்க்கிறோம். அவள் பாடுகிறாள், நாங்கள் கதவைப் பார்க்கிறோம். அவள் டீயை ஆற்றுகிறாள், எங்கள் பதைப்பு ஆறவில்லை! பேராசிரியை அம்மா என் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. கதவையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவன் எந்த வழியாக வந்தான்? ஜன்னல் வழியாக! கத்தினோம் பாருங்கள், பக்கத்து வகுப்பில் பரீட்சை நின்றுபோனது.

விளக்கு எரிந்ததும் முதலாளி கேட்டார்: “அந்தக் கதவு யோசனை யாரோடது?”

‘என்னுடையது’ என்று கண்ணாடிக்காரப் பெண் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னாளா? “யோசனை இல்லை சார். தப்பு. பூட்டறதாத்தான் எடுத்தோம்” என்றாள். நெட்டைப் பையன் பின்னாலிருந்து, “லூசு, சும்மா இருந்தா என்ன?” என்று பல்லைக் கடித்தான். முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சொன்னார்: “அப்போ அது தெரியற மாதிரி எடுத்துட்டு வா. பூட்டுக்காரர் கத்தினதாலதான் எனக்குத் தெரிஞ்சுது. சனிக்கிழமை என் தியேட்டர்ல இவரை நிக்க வெச்சுக் கத்த விட முடியாது.”

தாய்மார்களே, இனிமேல் சொல்லப்போவது இந்த மேடைக்காக நான் இத்தனை நாள் தேக்கி வைத்திருந்தது. முதலாளிக்கும் தெரியாது, பேராசிரியை அம்மாவுக்கும் தெரியாது.

மறுநாள் என் பையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கட்டடத்துக்குப் போனேன். பூட்டின் முன் குனிந்தேன். சாவித் துவாரத்தின் அகலமான தலை மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தது. பூட்டையே தலைகீழாக மாட்டியிருந்தது! மாட்டியது யார்? நான்! என் கையில் இருந்தது இடப்பக்கக் கதவின் பூட்டு, அவர்களுடையது வலப்பக்கக் கதவு. இன்னொரு பூட்டு எடுத்து வரச் சோம்பல்பட்டு, அவசரத்தில் கவிழ்த்து மாட்டிவிட்டுப் போயிருக்கிறேன். தலைகீழ்ப் பூட்டில் எல்லாமே எதிர்ப்பக்கம். நடித்த பெண் ஒழுங்காகத்தான் பூட்டியிருக்கிறாள். முப்பது வருடத் தொழில்காரன், நாலு பேர் நடுவில் ஒரு சின்னப் பெண் செய்தது தவறு என்று கத்தியிருக்கிறேன். தவறு என்னுடையது!

அங்கே நின்ற கண்ணாடிக்காரப் பெண்ணைப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“உனக்குத் தெரியுமாம்மா?”

“தெரியும் அண்ணா. பூட்டினப்பவே நாக்கு விழுந்த சத்தம் கேட்டுச்சுன்னு காது சொன்னா.”

“அப்போ அன்னைக்கே சொல்லியிருக்கலாமே! நான்தான் அசடு வழிஞ்சிருப்பேன்.”

“பூட்டு சரின்னு சொல்லியிருந்தா படம் தப்பாயிருக்கும் அண்ணா. அந்த மூணு நிமிஷத்தை எப்படிப் பயமாக்கறதுன்னு ஆறு மாசமா யோசிச்சேன். தெரியலை. நீங்க ஒரு கத்துல காட்டிட்டீங்க. கதவு திறந்திருக்குன்னு அவளுக்குத் தெரியக் கூடாது, பார்க்கறவங்களுக்குத் தெரியணும். தப்புன்னு நான் சொன்னது பூட்டை இல்லை. அது தெரியாம எடுத்தேனே, அதை.”

கேட்டீர்களா? நாக்கு, பூட்டுக்குள்ளிருந்து நீண்டு நிலைக்குள் போய் விழும் இரும்புத் துண்டு. அந்த நாக்கைத்தான் பெரிதாகப் படம் பிடித்தோம். கதாநாயகி ஒரு தடவை பூட்டிய பிறகும், பயத்தில் சாவியை மறுபடி திருப்புகிறாள். நாக்கு மெல்ல மெல்லப் பூட்டுக்குள்ளேயே திரும்பிப் போகிறது; கதவு திறந்துகொண்டது. பதினேழு தடவை எடுத்தோம். எண்ணெய் போட்டால் சட்டென்று போய்விடுகிறது, போடாவிட்டால் சிக்கிக்கொள்கிறது. நெட்டைப் பையன் தரையில் படுத்தே கிடந்தான். இன்று அந்தக் காட்சி வந்தபோது இந்த அரங்கமே ‘ஐயோ’ என்றதே, அந்த ‘ஐயோ’வில் என் குரல் இல்லை. அது நீங்களாகச் சொன்னது! பயம் எங்கே இருக்கிறது? கத்தியிலா? கறுப்புத் துணியிலா? காலடிச் சத்தத்திலா? இல்லை! நமக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியவில்லையே என்று நம் நெஞ்சு பதறுகிறதே, அந்தப் பதற்றத்தில் இருக்கிறது! முன்பின் அறியாத ஒருத்திக்காக இத்தனை பேரும் ஒரே மூச்சில் பதறினீர்களே, அதைத்தான் அந்தப் பெண் எடுத்திருக்கிறாள். இதுவே என் மதிப்பீடு.

அம்மா ஒரு சீட்டு நீட்டுகிறார்கள். ‘சுருக்கமாக முடிக்கவும்’ என்றுதான் இருக்கும். எழுத்து என்றால் கூட்டித்தான் படிப்பேன். இது எழுத்தில்லை, எண்.

தொண்ணூற்றொன்பது.

சத்தம் போடாதீங்க, கொஞ்சம் இருங்க. என்னைச் சேர்க்க முடியாதாம்மா? ஆமாம், படத்துல பேர் போட்டுட்டாங்க, நானும் படத்து ஆளு. என் வீட்டுக்காரி? அவளையும் எண்ணித்தான் தொண்ணூற்றொன்பதா?

முதலாளி ஐயா, நீங்க வாசல் பட்டியல்ல கையெழுத்துப் போட்டீங்களா? ஆபீஸ் வழியா உள்ளே வந்தீங்களா? எத்தனை மணிக்கு எந்திரிச்சுப் போனீங்க? உண்மையைச் சொல்லணும்.

எல்லாருக்கும் கேக்கற மாதிரி ஒரு தடவை சொல்லுங்க ஐயா!

“எந்திரிக்கலைப்பா. கடைசி எழுத்து வரைக்கும் உக்காந்திருந்தேன். தெரிஞ்ச படம்தான், இருந்தாலும் அந்தக் கதவை விட்டுட்டுப் போக மனசு வரலை.”

அம்மா, எழுதுங்கள்! பட்டியலில் எழுதுங்கள்! எழுதிவிட்டார்கள், அன்பர்களே! நூறு! பாப்பா, நகத்தை விடு, மேடைக்கு வா! நெட்டை, காது, எல்லோரும் வாருங்கள்! தாய்மார்கள் அழுவதானால் அழுதுகொண்டே கைதட்டலாம், தடையில்லை!

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், பேச இடம் கொடுத்த தலைமைக்கும், கடைசி வரை அமர்ந்திருந்த அந்த ஒருவருக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி. போகும்போது ஒரே ஒரு வேண்டுகோள்: இந்தப் பெண்ணின் கையைக் குலுக்கிவிட்டுப் போங்கள். நான் முதலில் குலுக்கிக்கொள்கிறேன். எல்லோருக்கும் வணக்கம்!